பாட்டன் கட்டிய ஊர், பேரன் விட்டுப்போன ஊர்: பீட்டர்ஸ்பர்க்கும் மதுரையும்

பத்துத்தூண் வாசி (இழையைத் தொடங்கியவர்)

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அக்கா மகன் ரஷ்யாவில், பீட்டர்ஸ்பர்க்கில் டாக்டருக்குப் படிக்கிறான். லீவுக்கு வந்தவனைக் கூட்டிக்கொண்டு போன ஞாயிற்றுக்கிழமை நாயக்கர் மகாலுக்குப் போனேன். என் கடை, நாயக்கர் அரண்மனையில் மிஞ்சிய பத்துத் தூண்கள் நிற்கிற பத்துத்தூண் சந்தில்தான். தினமும் அந்தத் தூண்களைத் தாண்டிப் போய்த்தான் ஷட்டரைத் திறக்கிறேன். ஆனால் மகாலுக்குள் கால் வைத்துப் பல வருஷம் ஆகிவிட்டது. அவன் தூண்களை அண்ணாந்து பார்த்துவிட்டு, "மாமா, இந்த ஊரை யார் கட்டினது?" என்று கேட்டான்.

பதில் சொல்ல முடியவில்லை. மகாலைக் கட்டியவர் திருமலை நாயக்கர். கோட்டையைப் பெரிதாக்கியவர் விசுவநாத நாயக்கர். அதற்கெல்லாம் முன்னால் பாண்டியர்கள். ஒரே ஆளைக் கைகாட்ட இந்த ஊரில் வழியில்லை. அவன் சொன்னான்: "நான் படிக்கிற ஊருக்குப் பிறந்த தேதியே இருக்கிறது மாமா. 1703, மே 27. முந்தின நாள் அங்கே ஊரே கிடையாது."

அன்றிலிருந்து ராத்திரி கடை சாத்திய பிறகு அந்த ஊரைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். அதைக் கட்டிய ரஷ்ய ராஜா பீட்டர் 1697, 98இல் ஐரோப்பாவைச் சுற்றினார். தான் ராஜா என்று சொல்லிக்கொள்ளாமல் ஹாலந்தின் கப்பல் பட்டறையில் தச்சு வேலை கற்றார். ஊர் திரும்பியதும் பிரபுக்களின் தாடியை எடுக்கச் சொன்னார், தாடி வைப்பவர்களுக்கு வரி போட்டார், 1700 ஜனவரி 1 முதல் காலண்டரையே மாற்றினார். அதே வருஷம் ஸ்வீடனோடு சண்டை. மூன்று வருஷத்தில் நேவா ஆறு கடலில் சேரும் இடத்தைப் பிடித்து, அங்கே ஒரு தீவில் கோட்டை போட்டார். 1712 வாக்கில் தலைநகரமே அங்கே போய்விட்டது. மாஸ்கோவிலிருந்து சுமார் 700 கிலோமீட்டர். சண்டை முடிந்து அந்த நிலம் ஒப்பந்தப்படி ரஷ்யாவுக்கு எழுதப்பட்டது 1721இல்தான். பட்டா கைக்கு வர ஒன்பது வருஷம் இருக்கும்போதே குடிபோய்விட்டார் மனிதர்.

என் கேள்வி இதுதான். நாட்டைப் புதுசாக்க வேண்டுமென்றால் பழைய ஊரில் இருந்தே செய்ய முடியாதா? அதற்கு ஒரு புது ஊர் வேண்டுமா?

நரிமேடு டீச்சர்

தம்பி, ஒரு சின்னத் திருத்தத்தோடு தொடங்குகிறேன். "முந்தின நாள் அங்கே ஊரே கிடையாது" என்பது சரியில்லை. அதே ஆற்றங்கரையில் ஸ்வீடன்காரர்களின் நியென்ஷான்ஸ் கோட்டை இருந்தது. பக்கத்தில் நியென் என்று ஒரு வியாபார ஊரும் இருந்தது. பீட்டர் முதலில் அந்தக் கோட்டையைப் பிடித்தார், பிறகுதான் தீவில் தன் கோட்டையைத் தொடங்கினார். அன்று கழுகு ஒன்று தலைக்கு மேலே வட்டமிட்டது என்று கதை சொல்வார்கள். அன்று பீட்டர் அங்கே இருந்தாரா என்பதிலேயே வரலாற்றாசிரியர்கள் ஒத்துப்போவதில்லை.

புது ஊர் கட்டியவர்களுக்கு முன்னால் இருந்தது எப்போதும் காடாகத்தான் இருக்க வேண்டும் போலிருக்கிறது. நம் தலபுராணத்தையே பாருங்கள். கடம்பவனத்தில் தனஞ்செயன் என்ற வணிகர் சிவலிங்கத்தைக் கண்டு வந்து சொல்ல, குலசேகர பாண்டியன் காட்டைத் திருத்தி நகரமாக்கினான். எல்லை தெரியாமல் போனபோது பாம்பு வாலை வாயில் கவ்விக் காட்டியது, அதனால் ஆலவாய். அங்கே கழுகு, இங்கே பாம்பு.

இனி உங்கள் கேள்வி. பீட்டருக்கு மாஸ்கோ வெறும் பழைய ஊர் இல்லை. 1682இல், பத்து வயது நிரம்புவதற்கு முன்னால், கிரெம்ளினுக்குள் புகுந்த ஸ்த்ரெல்ட்ஸி படைவீரர்கள் அவருடைய தாய்வழிச் சொந்தக்காரர்களைக் கொன்றதைப் பார்த்த பிள்ளை அவர். அந்தக் கூடங்களில் உட்கார்ந்து ஆட்சி செய்ய மனம் ஒப்பாததில் ஆச்சரியம் இல்லை. அதோடு துறைமுகம். ரஷ்யாவுக்கு அதுவரை மேற்கு நாடுகளோடு கப்பல் வியாபாரம் செய்ய வடக்கே ஆர்க்காங்கெல்ஸ்க் ஒன்றுதான் வழி, அதுவும் வருஷத்தில் பாதிக்கு மேல் பனிக்கட்டியில் உறைந்து கிடக்கும். நேவா முகத்துவாரம் பால்டிக் கடலுக்கு வாசல். பயமும் வியாபாரமும் சேர்ந்துதான் அவரை அங்கே இழுத்தன என்பது என் எண்ணம்.

விராட்டிபத்து மேஸ்திரி

நீங்கள் ராஜாவைப் பற்றிப் பேசுகிறீர்கள். எனக்கு மண்ணைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது. முப்பது வருஷமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். ஒரு தடவை கண்மாயை ஒட்டின நிலத்தில் ஒரு வீட்டுக்கு வானம், அதாவது அஸ்திவாரக் குழி, தோண்டினோம். நாலு அடியில் தண்ணீர் ஊறிவிட்டது. மோட்டார் போட்டு இறைத்தோம். மறுநாள் காலையில் போனால் பழையபடி நிறைந்து கிடக்கிறது. கடைசியில் பைல் போட்டுத்தான் எழுப்பினோம். ஒரு வீட்டுக்கே அந்தப் பாடு. ஆற்று முகத்துவாரச் சதுப்பில் ஒரு தலைநகரத்தையே எப்படி நிறுத்தினார்கள்? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பத்துத்தூண் வாசி

மேஸ்திரி அண்ணே, அவர்களும் பைல்தான். மரக்கட்டைகளை வரிசை வரிசையாகச் சதுப்பில் அடித்து இறக்கி, அதன் மேல் அஸ்திவாரம். காற்று படாமல் எப்போதும் தண்ணீருக்குள்ளேயே இருக்கிற மரம் சீக்கிரம் உளுக்காது. அப்புறம் கால்வாய் வெட்டித் தண்ணீரை வடித்தார்கள், தாழ்ந்த இடத்தில் மண் கொட்டி மேடாக்கினார்கள். தள்ளுவண்டிகூடப் போதாமல், மண்ணைத் துணி மடியிலும் பாயிலும் அள்ளிச் சுமந்தார்கள் என்று அந்தக் காலத்து வெளிநாட்டவர் குறிப்புகளில் இருக்கிறது.

கல்லுக்கு ஒரு தனிச் சட்டம். 1714இல் நாட்டில் வேறு எங்குமே கல் கட்டடம் கட்டக்கூடாது என்று தடை போட்டார். ஊருக்குள் வருகிற ஒவ்வொரு வண்டியும் மூன்று கல் கொண்டுவர வேண்டும். படகு என்றால் அளவுக்குத் தக்கபடி பத்திலிருந்து முப்பது கல். வீடுகளுக்கு மாதிரிப் படம் போட்டுத் தந்தவர் டொமினிகோ ட்ரெஸ்ஸினி, சுவிட்சர்லாந்துப் பக்கத்துக்காரர். இன்ன தரத்து ஆளுக்கு இன்ன அளவு வீடு என்று முன்கூட்டியே வரைந்துவிட்டார். கோட்டைக்குள் 122 மீட்டருக்கு மேல் உயர்ந்து நிற்கிற ஊசிக்கோபுரத் தேவாலயமும் அவர் வரைந்ததுதான்.

விராட்டிபத்து மேஸ்திரி

இப்போது புரிகிறது. அந்தத் தடையில் கல்லைவிடப் பெரிய விஷயம் ஆள். நாடு முழுக்கக் கல் வேலையே இல்லையென்றால் கல்தச்சன் எங்கே போவான்? பிழைக்க அந்த ஒரு ஊருக்குத்தான் வர வேண்டும். ஒரே உத்தரவில் எல்லாக் கொத்தனாரையும் இழுத்துவிட்டார். ஆனால் அவன் விட்டு வந்த ஊரில் ஒரு சுவர் சரிந்தால் யார் எடுத்துக் கட்டுவது?

செல்லூர் தறி

மேஸ்திரி அண்ணன் கடைசியாகக் கேட்டதுதான் எனக்கும் நெருடுகிறது. கொத்தனாராவது கூலிக்கு வந்திருப்பார். மண் சுமந்தவர்கள்? ஒவ்வொரு வருஷமும் பல்லாயிரம் குடியானவர்களை ஊர் ஊராகக் கணக்கெடுத்து அனுப்பச் சொன்னார்கள். வாரக்கணக்கில் நடந்தே வர வேண்டும். கூடவே ஸ்வீடன் போர்க் கைதிகள். குளிரிலும் காய்ச்சலிலும் பசியிலும் ஆயிரக்கணக்கில் செத்தார்கள். எண்ணிக்கையில் ஆளுக்கொரு கணக்கு சொல்கிறார்கள். செத்தவர்களை எண்ணி எழுத யாரும் இல்லை என்றுதானே அதற்கு அர்த்தம்?

பீட்டர் நாட்டை நவீனமாக்கினார் என்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் படித்தோம். எந்த நாட்டை? 1714இல் அருங்காட்சியகம், 1724இல் அறிவியல் கழகத்துக்கு உத்தரவு. சரி, நல்லது. அதே கையால் ஆண்பிள்ளை ஒவ்வொருவர் தலைக்கும் வரி போட்டார். அந்த வரியை வசூலித்துக் கட்டும் பொறுப்பு நிலப்பிரபுவிடம் போனதும் பண்ணையடிமையின் கழுத்துக் கயிறு இன்னும் இறுகியது. அந்தக் கயிறு அவிழ்ந்தது 1861இல். ஊர் பிறந்து 158 வருஷம் கழித்து.

எங்கள் தெருவில் கைத்தறி போய் விசைத்தறி வந்தபோது ஊர் முன்னேறுகிறது என்றுதான் சொன்னார்கள். முன்னேறியது உண்மைதான். ஆனால் தறிக்குழியில் நாற்பது வருஷம் உட்கார்ந்த என் தாத்தா அதற்குப் பிறகு என்ன செய்தார் என்பதும் அந்தக் கணக்கில் வர வேண்டும். அதனால்தான் இந்த விஷயத்தில் எனக்கு இவ்வளவு அழுத்தம்.

நரிமேடு டீச்சர்

செல்லூர்த் தம்பி சொன்னதில் ஒரு சொல்லைக்கூட நான் மறுக்கவில்லை. வகுப்பில் இதை இவ்வளவு தெளிவாக நான் சொல்லிக்கொடுத்ததில்லை என்பது வருத்தமாகவே இருக்கிறது.

ஆனால் ஒரு கதவு திறந்தது, அதையும் சொல்ல வேண்டும். 1722இல் பீட்டர் அரசு வேலைகளை 14 படிகளாக்கினார். பிறப்பு எதுவானாலும் வேலை செய்து மேலே ஏறலாம். சிவில் பக்கம் எட்டாவது படியைத் தொட்டவர் பரம்பரைப் பிரபு ஆகிவிடுவார். பீட்டருக்குப் பிறகு, வடக்கே கடலோரத்தில் மீன்பிடிக்கிற குடும்பத்தில் பிறந்த லோமனோசொவ் அந்த அறிவியல் கழகத்தில் 1745இல் பேராசிரியர் ஆனார். பழைய மாஸ்கோ மட்டும் இருந்திருந்தால் அப்படி ஒரு நாற்காலி எங்கேயிருந்து வரும்?

செல்லூர் தறி

டீச்சர், அதே லோமனோசொவ் மாஸ்கோவில் பள்ளிக்கூடத்தில் சேரும்போது தன் பிறப்பை மறைத்துத்தான் சேர்ந்தார். உண்மையைச் சொல்லியிருந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்பியிருப்பார்கள். கதவு திறந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். உள்ளே போகிறவன் தலையைக் குனிந்து பெயரை மாற்றிச் சொல்லிக்கொண்டு போக வேண்டிய உயரத்தில்தான் அது இருந்தது.

நரிமேடு டீச்சர்

சரி தம்பி. அந்த உயரத்தையும் சேர்த்தே இனிமேல் சொல்லிக்கொடுப்பேன்.

தெப்பக்குளம் தெற்குக்கரை

இந்த இழையைக் காலையிலிருந்து படிக்கிறேன். திருமலை நாயக்கரைப் பற்றி முதல் பதிவில் ஒரு வரியோடு விட்டுவிட்டீர்கள், அது பொறுக்கவில்லை.

அவரும் தலைநகரத்தை மாற்றியவர்தான். 1623இல் பட்டத்துக்கு வந்தபோது தலைநகரம் திருச்சிராப்பள்ளி. மண்டைச்சளியால் அவதிப்பட்டுக்கொண்டு மதுரைக்கு வரும் வழியில், திண்டுக்கல்லில் சொக்கநாதரும் மீனாட்சியும் கனவில் தோன்றி, மதுரையிலேயே தங்கு, நோய் தீரும் என்றார்கள் என்பது செவிவழி வரலாறு. 1636இல் மகால், 1645இல் எங்கள் தெப்பக்குளம். மகாலுக்குச் செங்கல் அறுக்க மண் எடுத்த பள்ளம்தான் குளமானது, அங்கே கிடைத்தவர்தான் முக்குறுணிப் பிள்ளையார் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வளர்ந்தோம்.

ஆனால் அவர் செய்ததில் பெரியது கட்டடம் இல்லை. மாசியில் நடந்துகொண்டிருந்த மீனாட்சி கல்யாணத்தைச் சித்திரைக்குக் கொண்டுவந்தார். தேனூரில் ஆற்றில் இறங்கிக்கொண்டிருந்த அழகரை மதுரைக்கு வரவழைத்தார். சைவத் திருவிழாவும் வைணவத் திருவிழாவும் ஒன்றாயின. சித்திரைத் தேர் ஏன் சித்திரை வீதியில் ஓடாமல் மாசி வீதியில் ஓடுகிறது என்று குழந்தைகள் கேட்டால் இந்தக் கதையைத்தான் சொல்ல வேண்டும். அறுவடை முடிந்து கையில் கொஞ்சம் காசும் ஓய்வும் இருக்கிற மாதத்தில் சுற்றுவட்டக் கிராமமெல்லாம் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மதுரைக்கு வந்தது. பீட்டர் காலண்டரை மாற்றினார் என்று எழுதியிருந்தீர்களே, எங்கள் ராஜாவும் காலண்டரைத்தான் மாற்றினார். ஆனால் ஜனங்கள் விரும்பி வருகிற மாதிரி மாற்றினார்.

அவருக்குப் பிறகு என்ன நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1659இல் அவர் காலமானார். அதே வருஷம் சின்ன வயதிலேயே பட்டத்துக்கு வந்த பேரன் சொக்கநாத நாயக்கர் சில வருஷத்தில் தலைநகரத்தைத் திருச்சிக்கே திருப்பிக் கொண்டுபோய்விட்டார். மகாலில் பெரும்பகுதியைப் பிரித்து எடுத்துப் போனதும் அவர்தான். இன்றைக்கு நாம் பார்ப்பது ஏறக்குறைய கால்வாசி.

பத்துத்தூண் வாசி

அம்மா, உங்கள் பதிவின் கடைசிப் பகுதியைப் படித்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். ஏன் தெரியுமா? பீட்டர் 1725இல் இறந்தார். 1728இல் தலைநகரத்தை மாஸ்கோவுக்கே திருப்பிக் கொண்டுபோனது யார்? அவருடைய பேரன். இரண்டாம் பீட்டர், பன்னிரண்டு வயதுப் பையன். அவனுடைய அப்பா அலெக்ஸி, பீட்டரின் சொந்த மகன், 1718இல் அதே ஊரின் கோட்டைச் சிறையில் சித்திரவதைக்குப் பிறகு செத்துப்போனவர். பாட்டன் கட்டிய ஊரில் பேரனுக்கு எப்படி மனம் ஒட்டும்? அரசவை கிளம்பியதும், கட்டாயத்தால் வந்து வீடு கட்டியிருந்த பிரபுக்கள் பலரும் மூட்டை கட்டிவிட்டார்கள்.

இரண்டு ராஜாக்கள், இரண்டு பேரன்கள். இரண்டு பேரும் தலைநகரத்தைப் பழைய இடத்துக்கே எடுத்துப் போனார்கள். நான் தேடிக்கொண்டிருந்த பதில் இதற்குள் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

இரண்டாம் பீட்டர் 1730இல் அம்மை கண்டு இறந்தான். அடுத்து வந்த அன்னா 1732இல் பீட்டர்ஸ்பர்க்குக்கே திரும்பினார். திரும்பி வர அங்கே ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே? இருந்தது. கப்பல் பட்டறை இருந்தது. 1713 முதல் ஆர்க்காங்கெல்ஸ்க் சரக்கை பீட்டர் உத்தரவு போட்டுத் திருப்பிவிட்டதால் சணலும் தோலும் மரமும் அந்தத் துறையில்தான் ஏறின. வெளிநாட்டு வியாபாரிகள் ஊன்றிவிட்டார்கள். அறிவியல் கழகத்துக்கு 1727இல் வந்து சேர்ந்த ஆய்லர் என்ற இளைஞர், பிற்காலத்தில் உலகமே கொண்டாடிய கணிதமேதை, அரசவை போன பிறகும் அங்கேயே உட்கார்ந்து கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார். அரண்மனை போனாலும் வேலை போகவில்லை.

மதுரையும் அப்படித்தானே? சொக்கநாத நாயக்கர் தூணைக் கொண்டுபோனார், திருவிழாவைக் கொண்டுபோக முடியவில்லை. மகாலைச் சுற்றிக் குடியமர்ந்த சௌராஷ்டிர நெசவாளர்களும் பட்டுநூலும் இங்கேயே இருந்தன. நான் இன்றைக்குப் புடவை விற்கிற சந்து அந்தக் கூட்டம் போட்ட பாதையில்தான் இருக்கிறது.

இன்னொரு பக்கம் கங்கைகொண்ட சோழபுரத்தை நினைத்துப் பாருங்கள். ராஜேந்திர சோழர் புதிதாக எழுப்பிய தலைநகரம், சுமார் 250 வருஷம் சோழ நாட்டையே அங்கிருந்து ஆண்டார்கள். சோழர்கள் போனதும் ஊரும் போயிற்று. இன்றைக்குப் பெரிய கோயிலும் சோழகங்கம் ஏரியும் ஒரு சிற்றூரும். மாளிகைமேட்டில் அரண்மனையின் செங்கல் தளத்தைத் தோண்டிப் பார்க்க வேண்டியிருக்கிறது. அங்கே ராஜாவை நம்பித்தான் எல்லாமே இருந்தன போலிருக்கிறது.

அதனால் என் கேள்வியை மாற்றிக்கொள்கிறேன். புது ஊர் வேண்டுமா, வேண்டாமா என்பதில்லை. ராஜா போன பிறகும் அங்கே இருக்க ஜனங்களுக்குச் சொந்தக் காரணம் இருக்கிறதா என்பதுதான்.

செல்லூர் தறி

ஒத்துக்கொள்கிறேன் அண்ணே, ஒரு விஷயத்தைத் தவிர. கட்டியவர் பெயர் ஊருக்கு வைக்கப்படுகிறது, ஊரை நிறுத்தி வைத்தவர்கள் பெயர் வைக்கப்படுவதில்லை. அந்த ஊர் 1914இல் பெட்ரோகிராட், 1924இல் லெனின்கிராட், 1991இல் மறுபடி பீட்டர்ஸ்பர்க். மண் சுமந்தவன் பெயரில் ஒரு தடவைகூட இல்லை.

விராட்டிபத்து மேஸ்திரி

தம்பி, நம் ஊரில் ஒரு மேஸ்திரி பெயரில் வீதியே இருக்கிறது. பெருமாள் மேஸ்திரி வீதி. பிளாக்பர்ன் கலெக்டராக இருந்தபோது கோட்டையை இடித்து அகழியைத் தூர்க்க முடிவு செய்தார். காசுக்கு வழி? சுவரை இடித்து, அகழியை மூடிச் சமப்படுத்துகிறவர்களுக்கு அந்த நிலத்திலேயே இடம் தந்தார். வெளி வீதிகளும் மாரட் வீதிகளும் அப்படி வந்தவைதான். அந்த வேலையை நின்று நடத்தியவர்தான் பெருமாள் மேஸ்திரி. கலெக்டர் நினைவாக விளக்குத்தூண், மேஸ்திரி பெயரில் வீதி. ரஷ்யாவில் வேலை செய்தவனுக்குக் கயிறு, இங்கே மனைக்கட்டு. வேலை ஒன்றுதான், ஆளை நடத்திய விதம் வேறு. கோட்டையில் மிஞ்சின ஒரு துண்டு பெரியார் பேருந்து நிலையம் பக்கம் இன்னும் நிற்கிறது. அதைத் தாண்டும்போதெல்லாம் நான் சுவரைப் பார்ப்பதில்லை, அதை இடித்துவிட்டு அந்த மண்ணிலேயே வீடு கட்டிக்கொண்டவர்களைத்தான் நினைப்பேன்.

செல்லூர் தறி

அந்த வீதியில் எத்தனையோ தடவை நடந்திருக்கிறேன், இது தெரியாது. நன்றி அண்ணே.

நேவா கரை

எல்லாருக்கும் வணக்கம். முதல் பதிவில் வருகிற அக்கா மகன் நான்தான். மாமா லிங்க் அனுப்பினார். டீச்சர் திருத்தியதையும் படித்தேன், நியென் ஊரைப் பற்றி எனக்குத் தெரியாமல் இருந்தது.

இங்கே வசிக்கிறவனாக இரண்டு விஷயம் சொல்கிறேன். பீட்டர் நேவா மேல் பாலமே கட்டவிடவில்லை. எல்லாரும் படகோட்டப் பழக வேண்டும் என்று நினைத்தார். அவர் இறந்த பிறகு 1727இல்தான் முதல் மிதவைப் பாலம், நிரந்தரப் பாலம் 1850இல். இப்போது கோடையில் ராத்திரி கப்பல் போவதற்காகப் பாலங்களைத் தூக்கிவிடுவார்கள். நேரம் தவறினால் விடியும்வரை அந்தக் கரையிலேயே நிற்க வேண்டியதுதான். ஜூன் மாதம் இருட்டே விழாது என்பதால் நிற்பதும் கஷ்டமில்லை.

இரண்டாவது, மேஸ்திரி மாமாவுக்காக. 1703இல் பீட்டர் இருப்பதற்காக மூன்று நாளில் கட்டிய வீடு இன்னும் இருக்கிறது. பைன் மரக்கட்டை வீடு, சுமார் 60 சதுர மீட்டர். வெளிப்பக்கம் மரத்தின் மேல் செங்கல் அடுக்கினது மாதிரி வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். பிற்காலத்தில் மழைக்கும் பனிக்கும் கெடாமல் இருக்க அதைச் சுற்றி நிஜச் செங்கலால் ஒரு கட்டடம் எழுப்பி மூடிவிட்டார்கள். உள்ளே அடுப்பும் இல்லை, புகைபோக்கியும் இல்லை. கோடையில் மட்டும்தான் தங்கினாராம்.

விராட்டிபத்து மேஸ்திரி

60 சதுர மீட்டர் என்றால் ஒன்றரை சென்ட் வரும். ஆறரை அடிக்கு மேல் உயரமான ராஜா அதில் எப்படி நிமிர்ந்து நடந்தார் என்று யோசிக்கிறேன். மருமகனே, அடுத்த தடவை போகும்போது கட்டைகள் மூலையில் ஒன்றோடொன்று சேருகிற இடத்தைக் கிட்டத்தில் ஒரு படம் எடுத்து அனுப்பு. வண்ணம் உதிர்ந்து மரம் தெரிகிற இடம் இருந்தால் அதையும்.